டீசண்டான ஆளுவ

நாகர்கோவிலில் வாடகை வீடு தேடி அலைந்தபோது ஒரு வாசலில் பலகை தொங்கியது. உள்ளே போனேன். வீட்டுக்காரம்மா முகம் மலர்ந்துதான் பேசினார்.

"எம்.ஏ.வா? பாத்தாலே தெரியுது, டீசண்டா இருக்கிய. எங்களுக்கும் டீசண்டான ஆளுவதான் வேணும்."

ஊர் கேட்டார். தேங்காய்ப்பட்டணம் என்றேன்.

"கடப்புறமா?"

"இல்லக்கா, கொஞ்சம் உள்ள."

"எந்தச் சபைக்குப் போறிய?"

எங்கள் மாவட்டத்தில் சாதியை நேராகக் கேட்க வேண்டியதில்லை. சபையைக் கேட்டால் தெரு தெரிந்துவிடும். சொன்னேன். "அவிய வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்" என்றார். பதினைந்து நாள் கழித்து அந்த வழியாகப் போனேன். பலகை அப்படியே தொங்கியது.

ஐந்து நிமிடம் டீசண்டாக இருந்த நான் ஆறாவது நிமிடம் எப்படி இல்லாமல் போனேன்? சேலை அதே சேலை. படிப்பு அதே படிப்பு. அவர் காதில் விழுந்தது ஒரு சபையின் பெயர் மட்டும்தான்.

தமிழ் படித்தவளுக்குச் சொல்லின் வேரைத் தோண்டுகிற பழக்கம் போகாது. டீசண்டின் வேர் 'டெகெரே' என்ற லத்தீன் சொல். 'தகுந்திருத்தல்' என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது, அவரவர் அந்தஸ்துக்கு ஏற்றது என்ற பொருளும் அதற்கு இருந்தது. ஆங்கிலேயன் அதை மறந்திருப்பான். நம்மவர்கள் மறக்கவில்லை.

எங்கள் மண்ணில் இந்தப் பொருள் அரச கட்டளையாகவே இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியால் மாரை மறைக்கலாம், மீனவப் பெண்கள் மாதிரிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது. அந்தக் கடைசி வரிதான் டீசண்டுக்கு இலக்கணம். மூடிக்கொள், ஆனால் உன் அளவுக்கு மூடிக்கொள். பறையர், புலையர் பெண்களைப் பற்றி அந்த அறிவிப்பில் பேச்சே இல்லை. 1915இல் கொல்லத்தில் அய்யன்காளி முன்னிலையில் புலையர் பெண்கள் தங்கள் அடிமைக் கல்மாலைகளைத் தாங்களே அறுத்து எறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாட்டில், ஆதிக்க சாதிப் பெண்களைப் போலவே சேலை உடுத்துங்கள் என்று நம் பெண்களிடம் சொன்னார் அம்பேத்கர். எது கூடாது என்று அரசன் சொன்னானோ அதையே செய்யச் சொன்னார்.

அந்த லத்தீன் வேருக்குத் தமிழில் நேரான சொல் 'தகு'. தக்கார், தகவு, தகுதி எல்லாம் அதிலிருந்து வந்தவை. இட ஒதுக்கீடு என்று வாய் திறந்தால் எதிரே நீட்டுவது 'தகுதி'. நம்மைத் தீண்டத் 'தகாதவர்' என்று எழுதியதும் அதே வேர்தான். அளவுகோலைப் பிடித்திருக்கிற கை மாறவே இல்லை.

இதை எழுதிவிட்டு நான் யோக்கியமாக நழுவ முடியாது. கல்லூரி விடுதிக்கு என்னைப் பார்க்க அம்மை வந்தாள். காலையில் கதம்பை தல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். தலையெல்லாம் தும்புத் தூசி. அழுகிய தொண்டின் வாடை. கூட்டுக்காரிகள் பார்க்கிறார்கள். "அம்மா, கொஞ்சம் டீசண்டா வரப்படாதா?" என்று கேட்டேன். அம்மை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வெளுத்த சேலை உடுத்து வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் வாயில் டீசண்ட் கிடையாது. எங்கள் பக்கத்தில் நல்லது என்பதற்கு 'கொள்ளாம்' என்போம். கொள்ளலாம், ஏற்கலாம் என்று அர்த்தம். சாளை கொள்ளாம், சோறு கொள்ளாம், ஆளு கொள்ளாம். கயிற்றை இழுத்துப் பார்த்து, முறுக்கு நின்றால் கொள்ளாம் என்பாள் அம்மை. யார் திரித்தது என்று கேட்க மாட்டாள். ஆனால் அந்தச் சொல்லையும் நான் புனிதமாக்கப் போவதில்லை. கயிறு வாங்க வந்தவர்கள் கயிறு கொள்ளாம் என்றார்கள். காசை அவள் கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தார்கள். கயிறு கொள்ளாம், திரித்த கை கொள்ளாது.

டீசண்டுக்குக் கூடப்பிறந்த சொல் ஒன்று உண்டு. அதே லத்தீன் குடும்பத்தில் பிறந்தது டிக்னிட்டி. மாண்பு. அரசியல் சட்டத்தின் முகப்பில் தனிமனித மாண்பு என்று இருப்பது அதுதான். டீசண்ட் என்பதை ஒருவர் நமக்குப் போட வேண்டும். மறுநிமிடம் பிடுங்கவும் செய்வார். மாண்பை யாரும் போட வேண்டியதில்லை. தும்புத் தூசியோடு விடுதி வாசலில் வந்து நின்றபோதும் அது அம்மையிடம் இருந்தது. பார்க்கத் தெரியாமல் இருந்தவள் நான்.

வீட்டுக்காரம்மாவிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. அம்மையிடம் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் இங்கே எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.