இரண்டு மையும் ஒரு வெற்று வாசலும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ப் பாறைக் குன்றொன்றைக் குடைந்து, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரைக் கோயிலைச் செய்வித்தான். சென்ற ஆண்டு நம் தமையனாரின் மகனை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தோம். சென்றதன் நோக்கம் ஒரு சினிமாச் சுவரொட்டி! பல்லவன் குடைவரைக்கும் சினிமாச் சுவரொட்டிக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வியக்கலாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தம்பி சென்னையில் வடிவமைப்புக் கலை பயில்கிறான். பழைய திரைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு மாற்றுச் சுவரொட்டி தீட்டி வருமாறு அவனுக்குப் பணித்திருந்தார்கள். தயாரிப்பாளர் வெளியிடும் சுவரொட்டி ஆள் கூட்டுவதற்கானது. மாற்றுச் சுவரொட்டியோ, படத்தைப் பார்த்த ஓர் ஓவியன் தான் அதில் கண்டது இன்னதென்று சொல்லும் விளக்கம். நிபந்தனையும் ஒன்று உண்டு: தாளின் வெண்மை நீங்கலாக இரண்டே மைகள்.

அவன் தேர்ந்துகொண்டது 1988இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு'. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், பாட்டனாரையும் தங்கையையும் காக்கும் ஓர் அலுவலகப் பெண் சொந்த வீடு கட்ட முனைகிறாள். கடன் சுமை ஏறுகிறது, ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார், பாட்டனார் கண்மூடுகிறார். முடிவில் அந்த நிலமே அரசு நிறுவனம் ஒன்றால் கையகப்படுத்தப்பட்டது என்று தெரிகிறது. பாடலே இல்லாத அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும், நாயகி அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதையும் பெற்றது.

தம்பி முதலில் வரைந்ததைக் கணினியில் காட்டினான். நாயகியின் முகம், பாட்டனாரின் முகம், செங்கல் குவியல், மணல் மேடு, வீட்டின் வரைபடம் யாவும் அதில் இருந்தன.

"இரண்டு நிறந்தான் வைத்தேன் சின்னத்தா. ஆனாலும் நெரிசல் போகவில்லையே!" என்றான்.

நமக்கு இது பழகிய சங்கடம். இளமையில் திண்டிவனத்து அச்சகமொன்றில் பல ஆண்டுகள் மைக்கறையோடு உழைத்தவர்கள் நாம். அன்று ஒவ்வொரு நிறத்துக்கும் தாளைத் தனித்தனியே இயந்திரத்தில் விட வேண்டும். முதல் நிறம் காய வேண்டும். உருளையைக் கழுவ வேண்டும். இரண்டாம் நிறம் இம்மியும் பிசகாமல் முதல் நிறத்தோடு பொருந்த வேண்டும். ஆகவே எத்தனை நிறம் என்பதை முடிவு செய்தது வாடிக்கையாளரின் மடிச்சீலையே. மஞ்சளின் மேல் நீலத்தை ஓட்டினால் இனாமாகப் பச்சை கிடைக்கும். அதுதான் நாங்கள் அறிந்த சிக்கனம். இடத்தை வெறுமையாக விடுவதற்கோ யாரும் ஒப்பமாட்டார்கள். "தாளுக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன் பாய், மை படாத இடத்துக்கும் நானா காசு தருவது?" என்று கேட்ட வணிகர்கள் உண்டு. நாமும் மூலையில் ஒரு பூவை வைத்து நிரப்பிக் கொடுத்துவிடுவோம்.

வெளியுலகில் சிலர் வேறு வழி கண்டிருந்தார்கள். 1959இல் வெளிவந்த 'அனாடமி ஆஃப் எ மர்டர்' என்னும் அமெரிக்கப் படத்துக்குச் சால் பாஸ் என்பவர், துண்டு துண்டாக வெட்டிய கறுப்பு மனித உருவம் ஒன்றையே சுவரொட்டியாக்கினார். போலந்து நாட்டு ஓவியர்கள் நட்சத்திரங்களின் முகங்களை ஒதுக்கி, கதையின் உட்பொருளையே வரைந்தார்கள். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து திரைப்படத்துக்கு வந்த சத்யஜித் ராய், தம் படங்கள் பலவற்றின் சுவரொட்டிகளைத் தாமே வடிவமைத்தார். இவற்றையெல்லாம் தம்பியும் பாடமாகப் படித்திருந்தான். ஆனால் படித்தது கைக்கு வரவில்லை. அப்போதுதான் நமக்கு மண்டகப்பட்டு நினைவுக்கு வந்தது.

அங்கே முகப்பில் இரண்டு பருத்த தூண்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இரு கோடியிலும் காவலர் சிலைகள். உள்ளே பின்சுவரில் மூன்று அறைகள். மூன்றும் இன்று வெறுமையாக இருக்கின்றன. முகப்பில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் இதனைச் செய்வித்தான் என்பது அதன் கருத்து. சித்திரகாரப்புலி என்றும் பட்டம் பூண்டவன் அவன். தான் எதைக் கொண்டு செய்தான் என்பதை அக்கல்வெட்டில் அவன் கூறவில்லை. எவற்றையெல்லாம் விலக்கினான் என்பதையே வரிசைப்படுத்துகிறான்.

தம்பி நெடுநேரம் தூணருகே நின்றிருந்தான். "இங்கே எதையுமே கட்டவில்லை சின்னத்தா. வேண்டாததை வெட்டி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வெட்டி எடுத்த இடம்தான் கோயிலாக நிற்கிறது" என்றான். வெயில் பட்ட கல் ஒரு நிறம், உள்ளிருந்த நிழல் ஒரு நிறம். அவனுடைய இரண்டு மைகளும் அங்கேயே இருந்தன.

வீடு திரும்பியதும் ஒரு தாளில் தன் சுவரொட்டியில் இருந்தவற்றை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தான். முகங்கள் போயின; மணல் மேடும் வரைபடமும் போயின. எஞ்சியது ஒரு செங்கற்சுவரும் அதில் ஒரு வாசலும். சுவருக்குச் செங்காவி. வாசலுக்கு மையே இல்லை; தாளின் வெண்மைதான். கறுப்பு, படத்தின் பெயருக்கு மட்டும். பெயரை முதலில் சுவரின் மேல் கூரைபோல வைத்திருந்தான். முற்றுப்பெறாத வீட்டுக்கு எழுத்தால் கூரை போட்டால் கதையே பொய்யாகிவிடுமே என்றோம். பெயரை இறக்கி அடியில் அஸ்திவாரமாக வைத்தான். பின்னர் கறுப்பில் மட்டும் அச்சிட்டுப் பார்த்தான். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தான். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து நம்மைப் பார்க்கச் சொன்னான். எல்லாச் சோதனையிலும் வாசல் வாசலாகவே தெரிந்தது.

அப்படிப் பார்த்தபோதுதான் நம் நெஞ்சு துணுக்குற்றது. சுவரின் வலப்பக்க விளிம்பில், அடுத்த சுவரோடு இணைப்பதற்காக விட்டுவைத்த செங்கற்பற்கள். இடப்பக்கம் ஒரு கல் உயர்ந்திருந்தது. அது திரைப்படத்தில் வரும் வீடன்று. நம் தமையனார் திண்டிவனத்தில் 2011இல் தொடங்கி, வாசலுக்கு மேல் லிண்டல் மட்டம் வரை எழுப்பிய வீடு. நோய் வந்து, கட்டடத்துக்கென்று வைத்திருந்த பணம் மருந்துக்குப் போயிற்று. அவரும் இறையடி சேர்ந்தார். அந்தச் சுவர் இன்றும் அப்படியே நிற்கிறது. அவ்வழியே போவதைக்கூட நாங்கள் தவிர்த்துவிடுவோம்.

"வீட்டுத் துயரத்தைச் சுவரில் ஒட்டலாமா தம்பி? மாற்றிவிடு" என்றோம், சற்றுக் கடுமையாகவே.

அவன் தலைகுனிந்தபடி சொன்னான்: "இந்தப் படம் எனக்குப் புரிந்ததே அத்தாவின் சுவரால்தான் சின்னத்தா. இதையும் அடித்துவிட்டால் நான் என்னத்தைச் சொல்வேன்?"

நமக்கு விடை தெரியவில்லை. ஒருவகையில் அவனை அடிக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தவர்களும் நாமே. எதை அடிக்கக்கூடாது என்பதை அவன்தான் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உன் தாயார் பார்க்கட்டும், அவர்கள் வருந்தினால் விட்டுவிடு என்று மட்டும் சொன்னோம்.

மதினி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எந்த வீடு என்று நாங்கள் சொல்லவில்லை. படத்தின் பெயரையும் அவர்கள் படிக்கவில்லை. சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, வெண்மையாக விட்டிருந்த வாசலின் மேல் விரலை வைத்தார்கள்.

"இதற்கு மூன்றரை அடி அகலத்தில் நிலை வேண்டும் என்று உன் அத்தா தச்சரிடம் சொல்லியிருந்தார்கள். வேப்பமரம் போதும் என்றார்கள்."

அவர்கள் அழவில்லை. தமையனார் மறைந்தபின் அந்த வீட்டைப் பற்றி அவர்கள் பேசி நாம் கேட்டது அன்றுதான். மகனை அருகில் அமர்த்திக்கொண்டு, எந்த அறை எங்கே வருவதாக இருந்தது, சமையலறைச் சன்னல் எந்தத் திசை என்றெல்லாம் மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் அதற்குப் பிறகு சுவரொட்டியில் ஒரு கோடும் சேர்க்கவில்லை, ஒன்றும் நீக்கவில்லை. அச்சான பிரதிகளுள் ஒன்று இப்போது அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில் தொங்குகிறது.

மை படாத இடத்துக்கு எதற்குக் காசு என்று அன்று கேட்ட வணிகர்களை நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு நாம் சொல்லத் தெரியாமல் மூலையில் பூ வைத்து அனுப்பினோம். மதினி அந்தச் சுவரொட்டியில் முதலில் படித்தது மை படாத இடத்தைத்தான்.