திருத்தப்படாத விடைத்தாள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

தேர்வில் விடை தெரியாத வினாவை அப்படியே விட்டுவிட்டு வரும் வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. எதையாவது எழுதிப் பக்கத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்போம். அந்தப் பழக்கம் தேர்வறைக்கு வெளியேயும் என்னோடு வந்துவிட்டது என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் இரண்டு குழந்தைகள் எனக்கு உணர்த்தினார்கள்.

என் அக்காவும் அவள் கணவரும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, "புள்ளைங்க இன்னும் லால்பாக் பார்த்ததே இல்லடா. எங்களுக்கு எங்க நேரம்? நீ செடி கொடியைப் பத்தித்தானே படிக்கிறே, கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றாள். குழந்தைகளிடம், "மாமாவுக்கு எல்லா மரமும் தெரியும், கேட்டுக்கிட்டே போங்க" என்று வேறு சொல்லி அனுப்பினாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெரியவள் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டாள். சின்னவனுக்கு ஆறு வயது.

லால்பாக், 1760-இல் ஹைதர் அலி தொடங்கி, அவர் மகன் திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். இன்று 240 ஏக்கர் பரப்புள்ளது. அங்குள்ள பாறைக்குன்றின் மேல் ஏறி நின்று, "இந்தப் பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு" என்றேன். "நம்ம ஆயாவைவிட வயசா?" என்று கேட்டான் சின்னவன். நாகலிங்க மரத்தின் அடிமரத்திலேயே பூவும் காயும் தொங்குவதைக் காட்டி, அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்றேன். லண்டனில் இருந்த கிரிஸ்டல் பேலஸை முன்மாதிரியாகக் கொண்டு எழுப்பிய கண்ணாடி மாளிகையையும் காட்டினேன். பெரியவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சற்றுத் தள்ளி, வானத்தைத் தொடுவதுபோல் ஒரு மரம் நின்றது. "இது என்ன மரம், மாமா?" எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "சவுக்கு" என்றேன். எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது. அவள் "சவுக்கு" என்று எழுதிக்கொண்டாள். பிறகு மரத்தின் மறுபக்கம் போனவள், அங்கிருந்த பலகையின் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள்: "அ-ரா-கே-ரி-யா".

எனக்கு முகம் சுட்டது. அராகேரியா திறந்த விதைத் தாவரம். சவுக்கோ பூக்கும் தாவரம். இந்த வேறுபாட்டைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான்! நான் வாய் திறப்பதற்குள் அவளே, "பலகையில தப்பா போட்டிருக்காங்க மாமா. நீங்கதான் காலேஜ்ல படிக்கிறீங்களே" என்றாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் நின்றேன்.

சின்னவன் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு சிறு கிளையை எடுத்தான். சவுக்கின் 'ஊசி' உண்மையில் இலையன்று, மெல்லிய கிளை. கணுவுக்குக் கணு கழலும். கழற்றி மறுபடி பொருத்தி, "எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறேன், சொல்" என்று விளையாடுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். முந்தைய ஆண்டு ஊருக்கு வந்தபோது அவன் அதைக் கற்றிருந்தான். இப்போது இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "கழல மாட்டேங்குதே மாமா!" என்றான். எப்படிக் கழலும்? செதில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய அந்தக் கிளையில் கணுவே இல்லை.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "பலகைதான் சரி. எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன். இது பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் மரம். 1774-இல் காப்டன் குக்கின் கப்பல் போன தீவு அது" என்றேன்.

பெரியவள் "சவுக்கு" என்பதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். கோபிக்கவில்லை. நோட்டை முன்பக்கம் திருப்பி, "அப்போ நாகலிங்கம் சரியா? பாறை வயசு சரியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னது அத்தனையும் அவளுக்கு ஐயத்துக்குரியதாகிவிட்டது. அந்தக் கேள்விகள் எனக்கு அடியைவிட வலித்தன.

அதன்பின் தெரியாத மரத்தைக் கண்டால், "எனக்குத் தெரியாது, பலகையைத் தேடுவோம்" என்றேன். மூவரும் போட்டி போட்டுக்கொண்டு தேடினோம். காலையைவிடப் பிற்பகலில்தான் அதிகம் கற்றோம். இரவு அக்கா, "மாமா எல்லாம் சொன்னானா?" என்று கேட்டாள். "தெரிஞ்சதைச் சொன்னாங்க. தெரியாததைச் சேர்ந்து படிச்சோம்" என்றாள் பெரியவள்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். மருந்துச் சீட்டானாலும் வங்கித் தாளானாலும் நம்மிடம்தான் நீட்டுவார்கள். நாம் சொல்வதை அப்படியே நம்புவார்கள். கல்லூரியில் நம் பிழைகளைச் சுழித்துக் காட்டப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நம் விடைத்தாளைத் திருத்த யாரும் இல்லை. அங்கே நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.