ஆட்டம் பார்க்கும் கை

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள அந்த வீல் அலைன்மென்ட் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய திரைதான். நான் போன நேரத்தில் அதன் முன்னால் யாருமே இல்லை. மேஸ்திரி லிஃப்டில் ஏற்றிய ஒரு ஸ்விஃப்ட்டின் அடியில் நின்றிருந்தார். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து உதவியாளர் இடவலமாக அசைக்க, இவர் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் மீது பெருவிரலை வைத்துக் கண்ணை வேறெங்கோ பார்க்க விட்டிருந்தார். பிறகு மேலும் கீழும் பிடித்து அசைக்கச் சொல்லி, பால் ஜாயின்ட்டுக்கு விரலை மாற்றினார். 

“கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியுமுங்க. நீங்களும் கைய வெச்சுப் பாருங்க” என்றார். வைத்துப் பார்த்தேன். என் விரலுக்கு ஒன்றும் எட்டவில்லை. அவருக்கு எட்டியது.

அந்த ஸ்விஃப்ட்டுக்கு வேறொரு ஒர்க்‌ஷாப்பில் லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது, நேராக ஓடும்போதே ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது என்பது உரிமையாளரின் புகார். புதுப் பொருள் போட்டும் இப்படியா என்று அவர் வருந்தினார். புதுப் பொருள் போட்டதால்தான் அப்படி. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளில் எதைக் கழற்றி மாட்டினாலும், சக்கரம் பழைய கோணத்துக்கே திரும்பி வருமென்று சொல்ல முடியாது.

அடியில் மேஸ்திரி இன்னொன்றையும் கண்டுபிடித்தார். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கியிருக்கிறார்கள். புஷ்ஷின் ரப்பர் இரும்புக் குழலோடு ஒட்டியே வருவது. போல்ட் இறுகிய நிலைதான் அந்த ரப்பரின் இயல்பு நிலை. தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுகியிருக்கும். அந்த முறுக்கு வண்டியின் உயரத்தைக் கெடுக்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். எனவே போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் விழும்படி இறக்கி, பம்பரை நான்கைந்து முறை அமுக்கிவிட்டு, அதே நிலையில் மறுபடி இறுக்கினார்கள். இதற்கே நெடுநேரம் போயிற்று. இந்த வேலைக்கு ரசீதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதற்குப் பிறகுதான் கணினிக்கு வேலை. காற்றழுத்தம் பார்த்து, நான்கு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டி, ரிம்மின் கோணல் கணக்கில் கலந்துவிடாமலிருக்க வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினார்கள். கேமராக்கள் பலகைகளைப் பார்த்துக் கோணங்களைச் சொல்லின.

மூன்று கோணங்கள் முக்கியம். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது கைவிட்டு ஓட்ட உதவுகிறதே, அதுபோல இந்தச் சாய்வு காரின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப உதவுகிறது. மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பது டோ.

டயரை அதிவேகமாகத் தின்பது டோதான். ஒரு சக்கரம் ஓட வேண்டிய திசையிலிருந்து 10 நிமிடம், அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு, விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே அந்த விலகல் 2 மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் கணக்குப்படி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 29 கிலோமீட்டர்! மேஸ்திரி இதைக் கணக்காகச் சொல்லவில்லை. கழற்றி வைத்திருந்த பழைய டயரைக் காட்டி, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை உள்ளங்கையால் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழுக்கியது. எதிர்ப்பக்கம் ரம்பம்போல் கையைப் பிடித்தது. 

ஸ்டீயரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, டை ராடு லாக் நட்டைத் தளர்த்தினார். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெயும் பொறுமையும் தேவைப்பட்டன. டோவை ஒரு பக்க ராடை மட்டும் திருகியும் சரிசெய்துவிடலாம். அளவு சரியென்று திரை பச்சை காட்டும், ஆனால் ஸ்டீயரிங் கோணலாகிவிடும். அவர் இரு பக்கமும் பார்த்துப் பார்த்துத் திருகினார். லாக் நட்டை இறுக்கும்போதே எண் நகர்ந்தது. மறுபடி தளர்த்தி மறுபடி இறுக்கினார்.

இரண்டாவதாக வந்தது ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்திய ஒரு ஹோண்டா சிட்டி. ஓட்டி வந்த இளைஞருக்கு வளைவில் வண்டி சாயக் கூடாது, பார்க்கவும் தரையோடு தரையாக இருக்க வேண்டும். கோவையில் இந்த ஆசை புதிதல்ல. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் வடிவமைத்த கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 

வண்டியைத் தாழ்த்தினால் லோயர் ஆர்மின் சாய்வு மாறும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும். டை ராடும் லோயர் ஆர்மும் வேறு வேறு நீளம், வேறு வேறு வளைவில் அசைபவை. ஆகவே உயரம் குறைந்ததுமே டோவும் மாறிவிடும். டோவைத் திருப்பிக் கொண்டுவரலாம். முன் கேம்பரை மாற்ற அந்த வண்டியில் கம்பெனி வைத்த திருகு ஏதுமில்லை. ஷாக் அப்சார்பர் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இடத்தில் தனி கேம்பர் போல்ட் போட்டுக் கொஞ்சம் மீட்கலாம். பின்னால் ஒரே பீம். அங்கே திருக எதுவுமே இல்லை. அசைவுக்கான இடமும் குறைந்துவிட்டதால் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ட்ரட் சீக்கிரம் முட்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் அளவு பார்க்காமல் கட்டியவைதான் அதிகம்.

“தம்பி, டோவ நான் சரியா வெச்சுத் தர்றேன். கேம்பர் செவப்பாத்தான் நிக்கும். அத அப்படியேதான் பிரிண்ட் எடுத்துத் தருவேன். ரெண்டு வாரம் ஓட்டிட்டு வாங்க, ஸ்பிரிங் அமர்ந்த பெறகு இன்னொருக்கா பாக்கணும்.” இளைஞர் முகம் சுருங்கியது. மேஸ்திரி குரலை உயர்த்தவுமில்லை, சொன்னதை மாற்றவுமில்லை. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதையும் அவர் நினைவூட்டினார்.

இந்தக் கருவிகள் வருமுன் நூல் கட்டித்தான் டோ பார்த்தார்கள். வண்டியின் இரு பக்கமும் நூலை இணையாக இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து கழிப்பது. பந்தய மெக்கானிக்குகள் இன்றும் அதைக் கைவிடவில்லை. நூலானாலும் கேமராவானாலும் அளக்கத்தான் செய்யும். அளந்த எண் நாளைக்கும் நிற்குமா என்பதை அந்தப் பெருவிரல்தான் சொல்கிறது. 

ஆனால் கடையின் வரும்படி, ஒரு நாளில் எத்தனை வண்டி என்ற கணக்கில் நிற்கிறது. அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் ஆட்டம் பார்க்கும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார். பச்சை எண்களுக்குக் காசு கொடுக்கிறோம். அவற்றை நிலைக்கவைக்கும் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்கிறோம். இது அநியாயம். சஸ்பென்ஷன் பொருள் மாற்றிய வண்டியை அரை நாள் விட்டுவிட்டு வாருங்கள். அடியில் பார்த்த வேலைக்குத் தனியே கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். சரிசெய்யும் முன் எடுத்த அளவையும் பின் எடுத்த அளவையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆட்டம் உள்ள பால் ஜாயின்ட்டோடு அலைன்மென்ட் செய்ய முடியாது என்று ஒருவர் உங்கள் வண்டியைத் திருப்பி அனுப்பினால், அதை மாற்றிக்கொண்டு அவரிடமே திரும்பிப் போங்கள்.