ஐம்பது அடிக்கு ஓர் அடி

நீராவி இன்ஜினுக்கு மேடு என்றால் ஆகாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும்; பின்னால் கோத்த பெட்டிகளின் பாரம் வேறு கீழே இழுக்கும். அதனால் நியூசிலாந்தின் தென்தீவில் ஒடாகோ மத்திய ரயில் பாதையைப் போட்டவர்கள், குறுக்கே எந்தக் குன்று வந்தாலும் சரி, 50 அடி போனால் ஓர் அடிக்கு மேல் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குக்காக வளைத்தார்கள், வெட்டினார்கள், குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள். இன்று இன்ஜினும் இல்லை, தண்டவாளமும் இல்லை. இன்ஜினின் இயலாமைக்காகப் பட்ட பாடெல்லாம் சைக்கிள்காரருக்குச் சேர்ந்துவிட்டது. கிளைட் ஊரில் தொடங்கி மிடில்மார்ச்சில் முடியும் 152 கிலோமீட்டர். அங்கங்கே சாலையைக் கடப்பதோடு சரி. மற்றபடி காரோ லாரியோ கூட வராது.

கிளைடுக்கு அருகே கிளதா ஆற்றங்கரையில் 1862இல் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் 87 ராத்தல் தங்கத்தைச் சேர்த்து டுனீடினுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதன்பின் கூட்டம் வந்து குவிந்தது. ரயில் அவ்வளவு அவசரப்படவில்லை. 1879இல் டுனீடினுக்கு அருகே வேலை தொடங்கி, மிடில்மார்ச்சுக்கு 1891இல் வந்து, கிளைடைத் தொட 1907 ஆகிவிட்டது. அதற்கும் அப்பால் குரோம்வெல் போய்ச் சேர்ந்தது 1921இல். அதற்குள் தங்க வேட்டை ஓய்ந்துவிட்டது. ஆடும் கம்பளியும் முயலும் பாதாமிப் பழமும்தான் ஏறின. கடைசியில் கிளைட் அணைக்கான தளவாடங்கள் இந்தப் பாதையில்தான் வந்தன. அணைத் தேவை முடிந்ததும், 1990இல், மிடில்மார்ச்சுக்கு மேற்கே ரயிலை நிறுத்தினார்கள். கிளைடுக்கும் குரோம்வெல்லுக்கும் இடையிலிருந்த பாதை அதற்கு முன்பே மூடப்பட்டது; பின்னால் அணை நீர் அந்தப் பள்ளத்தாக்கையே மூழ்கடித்தது. தன்னை மூழ்கடிக்கப்போகும் அணைக்குச் சாமான் சுமந்த ரயில் பாதை வேறு எங்காவது உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை.

தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு, 1993இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலத்தை வாங்கியது. பாதையோரப் பண்ணைக்காரர்கள் பலருக்கு இதில் இஷ்டமில்லை. வேலிக்கு நடுவே ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து போவதை யார்தான் விரும்புவார்? ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டினார்கள். பாலங்களில் பலகை அடித்துக் கைப்பிடி வைத்தார்கள். பெரிய ஜல்லிக்கு மேல் பொடிச்சரளை கொட்டி உருளை ஓட்டினார்கள். 2000இல் முழுப் பாதையும் திறந்தது. எதிர்த்த பண்ணை வீடுகளில் சில இன்று விடுதிகள்.

கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ராவுக்குச் சமதளம். காட்டுத் தைம் செடி குன்றெல்லாம் படர்ந்து வெயிலில் மணக்கும் என்பதைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை. அதைத் தாண்டிச் சாட்டோ கிரீக்கில் ஒரு பழைய கல் மதுக்கடை. வண்டியை நிறுத்தித் தண்ணீரோ மற்றதோ குடித்துக்கொள்வது நல்லது, அடுத்தது டைகர் ஹில். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தார்ச்சாலை குன்றின்மேல் நேராக ஏறி இறங்கிவிடுகிறது. ரயில் பாதையோ ஊரைச் சுற்றிக்கொண்டு, வந்த திசைக்கே திரும்புவதுபோலப் போக்குக் காட்டி, பெரிய வளைவுகளாகப் போகிறது. பார்ப்பதற்கு ஏற்றமே தெரியாது. தொடைக்கு மட்டும் தெரியும். ஒரு கியர் குறைத்துவிட்டுப் பேசிக்கொண்டே மிதிக்கலாம். அவ்வளவுதான் ஐம்பதுக்கு ஒன்று.

சரிவைப் பார்த்த ரயில் ஊர்களைப் பார்க்கவில்லை. ஓஃபிர் என்ற தங்க ஊரை விட்டுவிட்டு மனுஹெரிகியா ஆற்றுக்கு இந்தப்பக்கம் ஒமக்காவு வழியாக 1904இல் ரயில் வந்தது. கடைகளும் ஒமக்காவுக்கு நகர்ந்தன. ஓஃபிர் அப்படியே உறைந்து நின்றது. இன்று அதன் கல் தபால் நிலையத்தைப் பார்க்கவே ஆட்கள் சைக்கிளைத் திருப்புகிறார்கள். மேலே நேஸ்பிக்கும் இதே கதிதான். அதை ஒதுக்கி ரான்ஃபர்லிக்கு 1898இல் ரயில் போனது, வட்டாரத்தின் தலைமையிடமும் பின்னாலேயே போய்விட்டது.

லாடரைக் கடந்ததும் பூல்பர்ன் பள்ளத்தாக்கு. முழுப் பாதைக்கும் நேரமில்லாதவர்கள் இந்த ஒரு துண்டையாவது ஓட்ட வேண்டும். இங்கே சாலை கிடையாது. ரயில் போன வழி மட்டுமே. மனுஹெரிகியா ஆற்றின் மேல் நீண்ட பாலம், உடனே இரண்டு சுரங்கங்கள், அடுத்து 37 மீட்டர் உயரத்தில் பூல்பர்ன் பாலம். சுரங்கத்துக்குள் வளைவு இருப்பதால் நடுவில் கும்மிருட்டு. டார்ச் இல்லாமல் போனால் கையைச் சுவரில் வைத்துக்கொண்டு இறங்கி நடக்க வேண்டியதுதான். தகடு தகடாக உரியும் சிஸ்ட் பாறையைக் கையாலும் வெடியாலும் உடைத்த கூலியாட்கள், குளிர்காலத்திலும் கூடாரத்தில் கிடந்து செய்த வேலை இது. வெளியே வந்து பாலத்தில் ஏறியதும் பலகைகள் டயருக்கடியில் தடதடக்கும். இடுக்கு வழியாகக் கீழே பார்க்காமலிருப்பது அவரவர் தைரியத்தைப் பொறுத்தது.

அப்புறம் ஐடா சமவெளி. அதில் ஒட்டுரேஹுவா. இங்கே எர்னஸ்ட் ஹேய்ஸ் என்ற பண்ணைக்காரர் 1895இல் தொடங்கிய பட்டறை அப்படியே இருக்கிறது. முதலில் காற்றாலை, பிறகு நீர்விசைச் சக்கரம். கூரைக்கடியில் ஓர் இரும்புத் தண்டு சுழல, அதிலிருந்து இறங்கும் பட்டைகள் கடைசல் எந்திரத்தையும் துளைக்கும் எந்திரத்தையும் ஓட்டும். இவர் பெயரை நியூசிலாந்துப் பண்ணைகளில் நிலைக்க வைத்தது ஒரு சின்னச் சாமான்: வேலிக் கம்பியை விறைப்பாக இழுக்கும் கருவி. அறுந்த கம்பியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நெம்புகோலை அசைக்க அசைக்கச் சங்கிலியில் கண்ணி கண்ணியாக ஏறும். தொய்ந்து கிடந்த கம்பி வீணைத் தந்திபோல நிற்கும். செய்தவர் அவர், விற்றவர் அவர் மனைவி ஹானா. பண்ணை பண்ணையாக அந்த அம்மாள் சைக்கிளில் போய் ஆர்டர் பிடித்தார், அதுவும் அந்தக் காலத்து மேடு பள்ளச் சாலையில், நீளப் பாவாடையோடு. பக்கத்தில் ஐம்பதுக்கு ஒன்று என்று வாகாகப் போட்டு வைத்த வழி அன்று ரயிலுக்கு மட்டும்தான்.

ஒட்டுரேஹுவாவுக்கும் வெடர்பர்னுக்கும் நடுவில் 618 மீட்டர், பாதையின் உச்சி. பலகை வைத்திருக்காவிட்டால் உச்சி என்றே நம்ப முடியாது. தெற்கு 45 பாகை அட்சக்கோடும் இங்கேதான் குறுக்கே போகிறது. வெடர்பர்னில் பச்சைத் தகரச் சரக்குக் கொட்டகை ஒன்று. கிரஹாம் சிட்னி 1975இல் இதை ஓவியமாக வரைந்து புகழாக்கினார். இடம் பெயர்த்துக் கொண்டுபோன கொட்டகையைப் பின்னாளில் ஊரார் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். ஓவியம் இல்லாவிட்டால் அது காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

இனி மானியோடோட்டோ பீடபூமி. காற்று எதிரே அடித்தால் சரிவுக் கணக்கெல்லாம் எடுபடாது, மிதித்தே ஆக வேண்டும். குளிரும் சாமானியமல்ல. 1903 ஜூலையில் ரான்ஃபர்லியில் மைனஸ் 25.6 டிகிரி, நாட்டின் பதிவேட்டில் அதுதான் கடைசிப் படி. மார்ச், ஏப்ரலில் வருகிறவர்கள் புத்திசாலிகள்.

கொகொங்காவுக்கு அப்பால் டயரி ஆறு கூட வருகிறது. பிரைசஸ் கிரீக்கில் இன்னொரு சுரங்கம். ஹைட் ஊரைத் தாண்டிய ஒரு வெட்டில் நிற்கத்தான் வேண்டும். 1943 ஜூன் 4, குரோம்வெல்லிலிருந்து டுனீடினுக்குப் போன எக்ஸ்பிரஸ். 113 பேர், பலர் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பியவர்கள். வளைவில் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஏறக்குறைய 70 மைல் வேகத்தில் ரயில் பாய்ந்தது என்று விசாரணையில் கணித்தார்கள். பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. 21 பேர் செத்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார், சிறைக்குப் போனார். மேட்டைத் தவிர்க்க வாங்கிய வளைவுக்கு வேகத்தில்தான் விலை கொடுக்க வேண்டும். சைக்கிளில் நிதானமாகத் திரும்புகிற அந்த இடத்தில் ரயிலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு வலப்பக்கம் ராக் அண்ட் பில்லர் மலை கூடவே வர, மிடில்மார்ச் வரை லேசான இறக்கம். இங்கிருந்து டுனீடின் பக்கமுள்ள தண்டவாளம் தப்பித்தது. 1990இல் டுனீடின் நகராட்சி வாங்கிச் சுற்றுலா ரயிலுக்கு வைத்துக்கொண்டது. கல்யாணமாகாத பண்ணைப் பையன்களுக்குத் துணை தேடி 2001இல் மிடில்மார்ச் ஒரு நடன விருந்து ஆரம்பித்தது. டுனீடினிலிருந்து பெண்கள் அதற்கு வந்து இறங்கியது இந்தத் தண்டவாளத்தில்தான்.