மூணு கஜம் போதும் சார்!

வாஷிங்டனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் அனாபொலிஸ். செங்கல் பாவிய தெரு, படகுத்துறை, கடைக்குக் கடை நண்டு வடை! அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் அகாடமி இந்த ஊரில்தான். 2022 செப்டம்பர் 3-ம் தேதி, "வாண்ணே, ஃபுட்பால் பார்க்கலாம்" என்று என்னை இழுத்துப் போனான் சித்தப்பா பையன்.

ஸ்டேடியத்தைச் சுற்றி மிட்வே, ஐவோ ஜீமா என்று யுத்தகளங்களின் பெயர்கள். வெள்ளைச் சீருடையில் மாணவர்கள் அணி அணியாக மார்ச் பண்ணி வந்தபோது புல்லரித்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. புல்லரிப்பு போச்சு!

ரூல் இதுதான். நாலு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறணும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. மற்ற காலேஜ் டீமெல்லாம் பந்தை முப்பது, நாப்பது கஜம் தூக்கி வீசும். நேவி? ஓட்டம். மறுபடியும் ஓட்டம். மூணு கஜம் போவதற்குள் மேலே நாலு பேர் விழுவார்கள். சுபம்!

"ஏண்டா, இவங்களுக்கு வீசவே தெரியாதா?"

"அண்ணே, இங்க படிச்சு முடிச்சா குறைஞ்சது அஞ்சு வருஷம் ராணுவ சர்வீஸ். ஆட்டத்துலயே கோடி சம்பாதிக்க நினைக்கிற பூதமெல்லாம் இங்க வராது. இருக்கிற பசங்களை வெச்சு ஒரு தந்திரம் பண்றாங்க. எதிராளி ஒருத்தனை வேணும்னே தடுக்காம விடுவாங்க. அவன் யார் மேல பாயறானோ, பந்து அடுத்தவன்கிட்ட போயிடும். நடுவுல ஓடறவன்கிட்ட கொடுக்கலாம், தானே ஓடலாம், பக்கத்துல தட்டி விடலாம். மூணு வழி. பேரே டிரிபிள் ஆப்ஷன்!"

என் பி.காம். மூளைக்குப் பளிச்சென்று புரிந்தது. ஷேரில் போட முதல் இல்லாதவன் போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. கட்டுகிறான்! ஒரே சிக்கல், திடீர்க் கடன் வந்தால் ஆர்.டி. உதவாது. பின்தங்கிவிட்டால் மூணு மூணு கஜமாக எப்போது ஈடுகட்டுவது? ஓட ஓட கடிகாரமும் ஓடுமே!

அன்றைக்குக் கீழ் டிவிஷன் டெலவேரிடம் 14-7 என்று தோல்வி. அந்த சீஸன் முழுக்க 12 ஆட்டத்தில் 8 தோல்வி. நவம்பரில் மட்டும் ஓர் அதிசயம்... டாப் 25-ல் இருந்த சென்ட்ரல் ஃப்ளோரிடாவை, ஒரு பாஸ்கூடக் கைசேராமல், ஓடியே 17-14 என்று கவிழ்த்தார்கள்! டிசம்பரில் பரம வைரியான ஆர்மியோடு ஆட்டம். கோல் கோட்டுக்குப் பக்கத்தில் ஓடியவன் கையிலிருந்து பந்து நழுவ, 20-17 தோல்வி. 15 சீஸன் கோச்சாக இருந்து, நேவி சரித்திரத்திலேயே அதிகமாக 109 வெற்றி தேடித் தந்த கென் நியுமட்டலோலோவின் வேலை அதோடு போச்சு.

ஓட்டம் போகவில்லை. 2024-ல் 10 வெற்றி. அப்பவும் ஓட்டம்தான் பிரதானம்!

ஆனால் என் மனசில் நிற்பது அந்தச் செப்டம்பர் தோல்விதான். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் யாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடவில்லை. வியர்வையோடு சக மாணவர்கள் முன்னால் வந்து நின்று, கல்லூரிப் பாட்டைப் பாடினார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அது உண்டாம்.

"என்னண்ணே, பேச்சைக் காணோம்?" என்றான் தம்பி.

என்னத்தைச் சொல்ல? சி.ஏ. இன்டரை ரெண்டாவது முயற்சியிலேயே கைகழுவினவன் நான்.

கணக்குப்படி இன்னும் ரெண்டு பாக்கி இருந்திருக்கு!