பாகப் பிரிவினை

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. கிழக்கு வர்ஜீனியா கிடையாது. பக்கத்தில் இருப்பது வெறும் வர்ஜீனியா. பாகம் பிரித்தபோது அண்ணன் வீட்டுப் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. தம்பி அதே பெயருக்கு முன்னால் ஒரு திசையை ஒட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார். அந்தத் திசையும் முழுசாகச் சரியில்லை. வர்ஜீனியாவின் மேற்குக் கோடி, மேற்கு வர்ஜீனியாவைவிட மேற்கே இருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் மேப்பைப் பாருங்கள்.

வடக்கு வர்ஜீனியாவில் நம்மவர்கள் ஏராளம். என் அக்கா மகன் ஆஷ்பர்னில் இருக்கிறான், டேட்டா சென்டர் வேலை. "மாமா, ஒரு மணி நேர டிரைவ்தான்" என்று ஒரு சனிக்கிழமை ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு அழைத்துப் போனான். பொட்டோமாக் நதியும் ஷெனன்டோவா நதியும் சேரும் சின்ன ஊர். நாங்கள் நின்றது மேற்கு வர்ஜீனியா. ஷெனன்டோவாவுக்கு அந்தப் பக்கத்து மலை முகட்டைத் தாண்டினால் வர்ஜீனியா. பொட்டோமாக்கைத் தாண்டினால் மேரிலாண்ட். ஐஸ்க்ரீம் கடைகளும் போட்டோ எடுப்பவர்களுமாக, சண்டை நடந்த ஊர் என்று சொன்னால் நம்ப முடியாது.

1859 அக்டோபரில் இது வர்ஜீனியாவாகத்தான் இருந்தது. ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர், அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்து விடுவிக்கப்போகிறேன் என்று சிறு படையோடு வந்து, இங்கிருந்த அரசு ஆயுதக் கிடங்கைப் பிடித்தார். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. பக்கத்து ஊரான சார்ல்ஸ் டவுனில் டிசம்பர் 2-ம் தேதி தூக்கிலிட்டார்கள். அன்று காவலுக்கு மாணவர் படையோடு வந்து நின்றவர்களில் தாமஸ் ஜாக்சன் என்ற ராணுவக் கல்லூரிப் பேராசிரியரும் ஒருவர். இவரிடம் திரும்பி வருகிறேன்.

வர்ஜீனியாவின் கிழக்கு, சமவெளி. புகையிலைப் பண்ணைகள், அடிமைகள், பெரிய மனிதர்கள். மேற்கு, மலை. சின்னச் சின்ன விவசாயிகள். அதிகாரம் கிழக்கில் இருந்தது. 1851-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மலைக்காரனின் மாட்டுக்கும் நிலத்துக்கும் சந்தை விலையில் வரி. பண்ணையாரின் அடிமை சந்தையில் எவ்வளவுக்குப் போனாலும், வரிக்கணக்கில் 300 டாலர்தான். 12 வயதுக்குட்பட்ட அடிமைக் குழந்தைகளுக்கு வரியே இல்லை. விற்கலாம், வாங்கலாம், வரி மட்டும் கிடையாது.

1861 ஏப்ரலில், அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவை விட்டே விலகுவது என்று வர்ஜீனியா முடிவெடுத்தது. மேற்கத்திக்காரர்கள் வீலிங் நகரில் கூடி, "விலகினவங்க பதவி காலி. இனிமே நாங்கதான் அசல் வர்ஜீனியா" என்று அறிவித்து ஒரு கவர்னரையும் உட்கார வைத்தார்கள். இங்கேதான் வக்கீல் மூளை. ஒரு மாநிலத்தை உடைக்க அந்த மாநிலச் சட்டசபை சம்மதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். வீலிங் 'அசல் வர்ஜீனியா' கூடி, தன்னைத்தானே உடைத்துக்கொள்ளத் தனக்குத்தானே சம்மதம் கொடுத்தது! லிங்கனின் மந்திரிகள் மூன்று பேர் சரி என்றார்கள், மூன்று பேர் தப்பு என்றார்கள். அவர் யோசித்து, 1862-ன் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டார். 1863 ஜூன் 20, புதிய மாநிலம் பிறந்தது.

இவர்களும் முழுக்க உத்தமர்கள் இல்லை. அடிமைகளைப் படிப்படியாக விடுவிப்போம் என்று எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று வாஷிங்டன் வற்புறுத்திய பிறகே எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது ஜாக்சன். பிறந்தது மேற்குப் பகுதியில், கிளார்க்ஸ்பர்கில். போர் வந்ததும் தெற்குப் படைக்குப் போய் 'ஸ்டோன்வால்' ஜாக்சன் என்று பெயர் வாங்கினார். தாய் தகப்பன் இல்லாமல் கூடவே வளர்ந்த தங்கை லாரா, மலையிலேயே இருந்து வடக்குப் படையின் காயம்பட்ட வீரர்களுக்கு மருந்து போட்டாள். அண்ணன் தங்கை பேச்சு நின்றது. 1863 மே மாதம், இருட்டில் சொந்தப் படையினரே தவறுதலாகச் சுட்டு ஜாக்சன் இறந்தார். அதற்கு 41 நாள் கழித்து, அவர் பிறந்த ஊர் எதிரி மாநிலத்துக்குப் போய்விட்டது.

போர் முடிந்தது. அடுத்தது கடன். கால்வாய், ரயில் என்று பழைய வர்ஜீனியா வாங்கி வைத்திருந்த கடன் சுமார் 3.3 கோடி டாலர். "உன் பங்கைக் கொடு" என்றது அண்ணன் வீடு. "கால்வாய் எந்தப் பக்கம் வெட்டினீங்க?" என்றது தம்பி வீடு. நியாயமான கேள்வி. ஆனாலும் 1915-ல் சுப்ரீம் கோர்ட், வட்டியோடு சேர்த்து 1.23 கோடி டாலருக்கு மேல் கட்டு என்று தீர்ப்புச் சொன்னது. கடைசித் தவணை கட்டி முடித்தபோது வருஷம் 1939. பிரிந்து 76 வருஷம்.

"அப்ப பிரிஞ்சு போனது தப்பா மாமா?" என்றான் பையன்.

தப்பில்லைடா என்றேன். அடிமைச் சந்தையைக் காக்கும் சண்டையில் மலைக்காரன் ஏன் சாக வேண்டும்? ஆனால் பண்ணையார் பிடியிலிருந்து தப்பியவர்கள், நிலக்கரிக் கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, பல சுரங்கங்களில் சம்பளம்கூடக் கம்பெனியே அச்சடித்த வில்லைகளில். அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. 1907 டிசம்பரில் மனோங்கா சுரங்கம் வெடித்து, அரசுக் கணக்குப்படி 362 பேர் செத்தார்கள். சங்கம் கேட்ட தொழிலாளிகள் 1921-ல் பிளேர் மலையில் துப்பாக்கி ஏந்திச் சண்டையே போட்டார்கள்.

1950-ல் மேற்கு வர்ஜீனியாவில் 20 லட்சம் பேர். 2020-ல் 18 லட்சத்துக்கும் குறைவு. அதே காலத்தில் வர்ஜீனியா 33 லட்சத்திலிருந்து 86 லட்சமாகிவிட்டது. அரசியலும் தலைகீழ். லிங்கனோடு நின்ற மலையில் 2024-ல் டிரம்ப் பெரிய வெற்றி. லிங்கனை எதிர்த்த வர்ஜீனியா, 2008-ல் ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டது.

பையனின் டேட்டா சென்டர் இருக்கும் வட்டாரம் மின்சாரத்தை மடக் மடக்கென்று குடிக்கிறது. அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் தரும் பெரிய நிலையங்களில் ஒன்று மவுன்ட் ஸ்டார்ம். நிலக்கரியில் ஓடுவது. இருக்கும் இடம் மேற்கு வர்ஜீனியா. முதலாளி, வர்ஜீனியாவின் மின்சாரக் கம்பெனி. புகை அங்கே, வெளிச்சம் இங்கே. சொன்னேன். "இது எனக்கே தெரியாது மாமா" என்றான்.

அந்த எல்லையைக் கடந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1865-ல் விடுதலை கிடைத்ததும் குடும்பம் மலையேறி மேற்கு வர்ஜீனியாவின் மால்டனுக்குப் போனது. சிறுவன் உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தான். சுரங்க இருட்டில் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்ற ஊரில் கறுப்பர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். 1872-ல் கிளம்பினான். சுமார் 500 மைல். நடந்தும், கெஞ்சி வண்டி ஏறியும், ரிச்மண்டில் பலகை நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கியும் போய்ச் சேர்ந்தான். அங்கே நுழைவுத் தேர்வு, ஒரு வகுப்பறையைப் பெருக்குவது. மூன்று தடவை பெருக்கினான். நாலு தடவை துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையால் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

81 வருஷம் கழித்து, 1953-ல் அதே ஹாம்ப்டனுக்கு மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த இன்னொருவர் வேலைக்கு வந்தார். பெயர் காதரின் ஜான்சன். அவர் பிறந்த வட்டாரத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி கிடையாது. அதனால் அவருடைய பெற்றோர் 120 மைல் தள்ளி இருந்த ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தார்கள். ஹாம்ப்டன் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் அவரை முதலில் உட்கார வைத்தது, கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக ஒதுக்கிய கணக்குப் பிரிவில். 1962-ல் ஜான் க்ளென் ராக்கெட் ஏறிப் பூமியைச் சுற்றப் போகும் முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை அந்தப் பெண் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அப்புறம் கிளம்புகிறேன் என்றார். போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.