மாசி வரை ஓடுமா சங்கராபரணி?

புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்குச் சுண்ணாம்பாறு என்றால் படகுத்துறைதான் நினைவுக்கு வரும். கடலூர் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் தளும்பும். ஆனால் அது பயிருக்கு ஆகாத தண்ணீர். கடல் உள்ளே ஏறி நிற்கிறது. ஆற்றின் உண்மை நிலை தெரிய மேற்கே வில்லியனூர்ப் பக்கம் போக வேண்டும். அங்கே இதன் பெயர் சங்கராபரணி. செஞ்சிச் சீமையில் வராக நதி என்பார்கள்.

செஞ்சி அருகே மலைகளில் பிறக்கும் இந்த ஆற்றோடு வீடூருக்கு மேலே தொண்டியாறு சேர்கிறது. 32 அடி உயர வீடூர் அணை தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாசனம் தருகிறது. கீழே சுத்துக்கேணியில் ஆற்றுநீர் பங்காரு வாய்க்காலில் திரும்பி ஊசுட்டேரியை நிரப்புகிறது. அரியாங்குப்பம் அருகே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு, ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறை.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். மழை ஓய்ந்தால் வெறும் மணல். அந்த மணல் வீண் இல்லை. மழைநீரைக் குடித்து வைத்து, கரையோரக் கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அதுதான். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் நிற்காமல் ஓடிவிடும், ஆற்றுப் படுகை தாழும், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கும். வாய்க்கால் தூர்ந்தால் ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போகும். ஏரி நிரம்பாவிட்டால் ஆழ்துளைக் கிணறே கதி. கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால், நல்ல தண்ணீர் விட்ட இடத்தை உப்புநீர் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உப்பேறிய நிலத்தடி நீர் தெளிய ஒரு மழைக்காலம் போதாது.

கரையோர விவசாயிகள் செய்யக்கூடியது உண்டு. மழைக்கு முன்பும் பின்பும் கிணற்று நீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, உப்பின் அளவை ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். உப்பு கூடினால் கிணற்றை மேலும் ஆழப்படுத்தக் கூடாது. இறைப்பைக் குறைத்து, நெல்லுக்குப் பதில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறலாம். புரட்டாசிக்குள் வாய்க்கால் தூர் வாரும்படி ஊரோடு சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.

மாசி மகத்தன்று திருக்காஞ்சியில் சாமிகள் இந்த ஆற்றுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருகின்றன. கார்த்திகை வெள்ளம் எவ்வளவு தங்கியது என்ற கணக்கு அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.